கப்பல் ஏறாத வெள்ளி ரூபாய்

என் அப்பாவை நான் பார்த்ததில்லை. அவர் மலையிறங்கிப் போனபோது நான் அம்மாவின் வயிற்றில் இருந்தேன். பேளுக்குறிச்சி சந்தைக்கு மிளகு விற்கப் போனவர், விற்ற காசை ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பிவிட்டு, அங்கே ஆள் சேர்த்துக்கொண்டிருந்த கங்காணியோடு மலாயாவுக்குப் போய்விட்டார். ரப்பர் தோட்டத்தில் கொஞ்ச காலம் பால் எடுத்தால் போதும், எங்கள் மலையில் வளப்பூர் நாட்டில் வயல் வாங்கலாம் என்று கங்காணி ஆசை காட்டினானாம். யாராவது கேட்டால் அம்மா சொல்வாள், "உப்பு வாங்காம வந்தா நான் சண்டை போடுவேன்னு அவருக்குத் தெரியும், அதான் வராமலே போயிட்டாரு" என்று. சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அந்தச் சிரிப்பைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்பா எப்படி இருப்பார் என்று நான் ஊரெல்லாம் கேட்டு வைத்திருந்தேன். மூக்கு என் மூக்கு போலவே என்றார்கள். பலா மரத்தில் ஏறினால் குரங்கு தோற்றுவிடும் என்றார்கள். பொய் சொன்னால் காது சிவந்துவிடும் என்றாள் அம்மா. இதையெல்லாம் சேர்த்து ஓர் ஆளைச் செய்து பார்ப்பேன். மூக்கு வரும், காது வரும், முகம் மட்டும் வராது. மற்றப் பிள்ளைகள் அப்பாவிடம் அடி வாங்கி அழும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும். அடிக்கவாவது ஒருத்தர் இருக்கிறாரே என்று நினைப்பேன்.

எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது அவரிடமிருந்து ஒரு கடுதாசி வந்தது. சந்தையில் மளிகைக் கடைக்காரர்தான் படித்துச் சொன்னார். உடம்பு முன்போல இல்லை, தோட்டத்துக் கடையில் பாக்கி ஏறிக்கிடக்கிறது, அதைத் தீர்த்துக் கப்பல் டிக்கெட்டும் எடுக்கப் பணம் அனுப்பினால் வந்துவிடுகிறேன், பிள்ளையைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்று யாரையோ வைத்து எழுதியிருந்தார். கேட்ட தொகையை எங்கள் ஊரில் யாரும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததுகூட இல்லை. பிள்ளை என்ற சொல்லை மட்டும் கடைக்காரரை மறுபடி படிக்கச் சொன்னேன். அவர் சலித்துக்கொண்டே படித்தார்.

அம்மா ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. அந்த வருஷத்து மிளகு போயிற்று. உழவு மாட்டு ஜோடியில் ஒன்று போயிற்று. "ஒத்த மாட்டை வெச்சுக்கிட்டு உழுவியா, கும்புடுவியா?" என்று ஊரில் கேலி பேசினார்கள். மற்றொரு மாட்டுக்குப் பதிலாக நுகத்தில் தானே நிற்பதாக அம்மா பதில் சொன்னாள். கடைசியாகக் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றினாள். எங்களில் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண்ணுக்குப் பரிசம் போட வேண்டும். அப்பா பரிசமாகப் போட்ட வெள்ளி ரூபாய்களுக்கு வளையம் பற்றவைத்துக் கோத்த மாலை அது. அதைப் புளி போட்டு விளக்கி, மஞ்சள் துணியில் முடிந்து, சாமி முன்னால் வைத்து எடுத்துக்கொண்டாள்.

மாட்டை விற்ற சந்தையிலேயே பழைய கங்காணி எதிரே வந்தான். அடுத்த கப்பலில் தான் போவதாகவும், பணத்தைத் தந்தால் காலணா கூலியில்லாமல் கையோடு கொண்டுபோய்ச் சேர்ப்பதாகவும் தேனாகப் பேசினான். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ஏனுங்க, பாலுக்குப் பூனையைக் காவல் வெக்கச் சொல்றீங்களா? ஒருக்கா உங்ககிட்ட ஆளைக் குடுத்தே இன்னும் திரும்பி வரலீங்க" என்றாள். அவன் பல்லைக் காட்டிவிட்டு நகர்ந்தான்.

சர்க்கார் மூலம் அனுப்பினால்தான் பத்திரம் என்று மளிகைக் கடைக்காரர் சொன்னதால், டவுன் தபாலாபீசுக்குப் போனோம். போஸ்ட் மாஸ்டர் மூக்குப்பொடி போடுகிற ஆள், பேச்சிலும் காரம். மேசைமேல் அம்மா அவிழ்த்துவைத்த மூட்டையைக் கிளறியவர், மாலையைத் தனியாக ஒதுக்கினார். வளையம் பற்றவைத்த ரூபாய் சர்க்கார் கணக்கில் ரூபாயே இல்லை, வெள்ளிக்கடையில் எடைக்குப் போட்டுவிட்டு நல்ல ரூபாயாக வா என்றார்.

அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. முக்கியமாக அனுப்ப வேண்டியதே அதுதான் என்றாள். மிளகுக் காசும் மாட்டுக் காசும் எப்படிப் போனாலும் போகட்டும், இந்த ரூபாய்கள் அவர் கைக்குப் போக வேண்டும், தான் போட்ட பரிசத்தைக் கையில் பார்த்தால் அந்த மனுஷன் ஓடிவந்துவிடுவார் என்றாள். போஸ்ட் மாஸ்டர் அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, ரூபாய் எங்கே கப்பல் ஏறுது? நீ குடுக்கறது இந்தப் பெட்டியிலேயே கிடக்கும். இவ்வளவு கட்டியாச்சுன்னு சேதிதான் போகும். அங்கே உள்ள தபாலாபீசுல அவங்க பெட்டியிலேர்ந்து அந்த ஊர்க் காசா எடுத்துக் குடுப்பாங்க."

நம் காசு போய்ச் சேராமலே அந்த ஊர்க்காரன் தன் காசை எடுத்துக் கொடுப்பானாமா, அப்படிப்பட்ட தருமன் அங்கே யார் இருக்கிறான் என்று அம்மா சண்டைக்கு நின்றாள். பிறகு மூட்டையை முடிந்துகொண்டு வெளியே வந்து புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் மலையில் சாமை கொடுத்தால் சாமை போகும், தேன் கொடுத்தால் தேன் போகும். சேதி மட்டும் போய்க் காசாக மாறுகிற வித்தை அவளுக்குப் பிடிபடவில்லை. கங்காணியாவது இதே ரூபாயைக் கொண்டுபோவானே என்று வாய்விட்டுச் சொன்னாள். அவனைத் தேடிக் கிளம்பிவிடுவாளோ என்று அவள் சேலையைப் பிடித்துக்கொண்டேன். நெடுநேரம் கழித்து, "காசு போகாட்டிப் போகுது சாமி. உங்கப்பன் வந்தாப் போதும்" என்று என் தலையைத் தடவினாள்.

வெள்ளிக்கடையில் மாலையை எடை போட்டார்கள். வளையத்தைக் கழித்தார்கள், ஒட்டவைத்த பற்றாசைக் கழித்தார்கள், தேய்மானத்தைக் கழித்தார்கள். இன்னும் கொஞ்சம் நின்றால் எங்களையும் கழித்திருப்பார்கள். கிடைத்ததைக் கொண்டுவந்து மொத்தமாகக் கட்டினோம். போஸ்ட் மாஸ்டர் அந்த ஊர்க் காசான வெள்ளிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சொன்னபோது, தொகை மூன்றில் ஒரு பங்கு இளைத்துவிட்டதைக் கண்டு அம்மா மறுபடி பதறினாள். அந்த ஊர்க் காசு கனம் கூடினது, எண்ணிக்கை குறைந்தாலும் மதிப்பு குறையாது என்று அவர் பொறுமையாகச் சொன்னார். இன்னும் சில அணா கட்டினால், பணம் வாங்கியவரின் கைநாட்டு வைத்த ரசீது திரும்பி வரும், வேறு யாரும் வாங்கிக்கொண்டு ஏமாற்ற முடியாது என்றும் சொன்னார். கட்டினோம்.

ரசீது வந்தது. நீல மையில் ஒரு கட்டைவிரல், அதன் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. கல்யாணமான புதிதில் கதிரறுக்கும்போது அரிவாள் பட்ட தழும்பு, தானே மஞ்சள் வைத்துக் கட்டியது, அவரேதான் வாங்கியிருக்கிறார் என்று அம்மா நடுரோட்டில் அழுதாள். நான் அழவில்லை. அப்பாவில் ஒரு துண்டு கிடைத்துவிட்டதே என்று எனக்கு ஒரே கொண்டாட்டம். மூக்கு, காது, கட்டைவிரல்.

அதற்குப் பிறகு சந்தை நாளெல்லாம் எங்களுக்குத் திருநாள்தான். சந்தைக்குப் போனவர்கள் மலையேறித் திரும்பும் நேரத்துக்குப் பாதை முனையில் போய் நிற்பேன். புதிதாக ஓர் ஆள் தெரிந்தால் முதலில் மூக்கைத்தான் பார்ப்பேன். அப்பா என்று கூப்பிடுவதா, ஐயா என்று கூப்பிடுவதா என்றுகூடத் தீர்மானிக்காமல் நின்றிருந்தேன். ஒரு மிளகுக் காய்ப்பு முடிந்து அடுத்தது வந்தது. கடைசியில் தபாலாபீசிலிருந்துதான் ஆள் வந்தது, நேரில் வரச்சொல்லி.

போஸ்ட் மாஸ்டர் அன்று பொடி போடவில்லை. மலாயாவிலிருந்து பணம் வந்திருப்பதாகச் சொல்லி, கூடவே வந்த அப்பாவின் கடுதாசியைப் படித்தார். கடைப் பாக்கியைத் தீர்த்துவிட்டு, டிக்கெட்டுக்கு வைத்திருந்த பணத்தைத் தொடாமல் துறைமுகம்வரை போனேன். நெஞ்சுச் சளியில் ரத்தம் இருக்கிறதென்று கப்பல் டாக்டர் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இன்னொரு தடவை கேட்டுப் பார்த்தேன், அதே பதில்தான். டிக்கெட் பணம் இனி எனக்கு எதற்கு? மாட்டை மீட்டுக்கொள். பிள்ளைக்கு வயிறாரப் போடு. இவ்வளவுதான் எழுதியிருந்தது.

பணத்தை எடுத்து வைத்துவிட்டு, கைநாட்டு வைக்கச் சொன்னார். அம்மா கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேண்டாமுங்க சாமி. திருப்பி அனுப்பிச்சிருங்க. இதை வாங்கிட்டா, அவரு வர மாட்டாருன்னு நானே ஒத்துக்கிட்டாப்பல ஆயிருமுங்க."

அவர் காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "அவரும் ரசீதுக்குக் காசு கட்டியிருக்கார்மா. நீ கைநாட்டு வெச்சா இந்தக் காகிதம் அவர் கைக்குப் போகும்" என்றார்.

"இதே காகிதமுங்களா?"

"இதேதான்."

அம்மா கையை முன்னால் கொண்டுவந்தாள். மையில் தோய்த்து அழுத்தி வைத்தாள். எடுத்த பிறகும் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். சட்டென்று என் கையைப் பிடித்து இழுத்து, என் கட்டைவிரலையும் மையில் தோய்த்து, தன்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தாள். பணம் வாங்குகிறவர் மட்டும்தான் வைக்க வேண்டும், சட்டம் அப்படி என்று போஸ்ட் மாஸ்டர் வாயைத் திறந்தவர், மூடிக்கொண்டு முத்திரையைத் தேடுகிறாற்போல அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

அதன்பிறகு அப்பாவிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. கொஞ்ச காலத்தில் உலகச் சண்டை மூண்டு மலாயாத் தபாலே நின்றுபோயிற்று. அம்மா மாடு வாங்கினாள், உழுதாள், எனக்கு வயிறாரப் போட்டாள். நானும் படித்து இதோ எழுதவும் கற்றுக்கொண்டுவிட்டேன். ஆனால் இந்த வயதிலும் எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்தக் காகிதம் போய்ச் சேரும்போது அவர் உயிரோடு இருந்தாரா? இருந்திருந்தால், என் அப்பா என்னை ஒரு தடவை தொட்டிருக்கிறார்.