ஞானாம்பாளின் தொண்ணூற்றாறு குழிகள்

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கிட்டை, சோதனை மருந்துகள் அடங்கிய பெட்டியை, மேசையில் வைத்துவிட்டு, ஞானாம்பாள் மூக்குக் கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைக்கிறார். அரைமணி நேரத்துக்கு அந்தப் பெட்டியைத் திறக்கமாட்டார். உள்ளே இருக்கும் மருந்துகளின் சில்லிப்பு அடங்கி அறைச் சூட்டுக்கு வரவேண்டும். யார் அவசரப்படுத்தினாலும் ஒரே பதில்தான்: "அது முழிக்கட்டுங்க."

வயது ஐம்பத்திரண்டு. பூதலூரிலிருந்து காலை ரயிலில் தஞ்சாவூருக்கு வந்து, தனியார் ஆய்வுக்கூடம் ஒன்றில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறார். மருந்தைச் சொட்டளந்து விடும் பிப்பெட் கையில் இருக்கும்வரை பேச்சு கிடையாது; கேள்வி கேட்டால் தலை மட்டும் அசையும். கிட்டுக்குள் வரும் பிளாஸ்டிக் தட்டில் தொண்ணூற்றாறு குட்டிப் பள்ளங்கள். அவர் வாயில் அவை குழிகள். நூறு குழி ஒரு மா என்று நிலக் கணக்கு கேட்டு வளர்ந்தவர் அல்லவா? "இன்னும் நாலு குழி இருந்தா ஒரு மா ஆயிருக்கும்," என்று சிரிப்பார்.

போன வருடம் டாக்டர் பரணிதரன் அங்கே ஓர் ஆய்வு தொடங்கினார். கர்ப்பிணியின் உடம்பில் கவலையாலும் களைப்பாலும் ஊறும் ஹார்மோன் குழந்தைக்கு அதிகம் போகாதபடி, நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி அதை மாற்றிச் செயலிழக்க வைக்கிறது. நிறைமாதம் வரை நடவுக்குப் போன பெண்களிடம் அந்த நொதி குறைகிறதா என்று பார்க்கவேண்டும். நடவுக்குப் போனவர்களும் போகாதவர்களுமாக முப்பத்தொன்பது தாய்மார் பிரசவத்தின்போது நஞ்சுக்கொடியில் ஒரு துணுக்கு தரச் சம்மதித்தார்கள். ஒவ்வொருவருடையதும் ஒரு சோதனைக்கு மட்டுமே போதும்.

ஐப்பசி மழையில் பார்சல் வண்டி வழியில் இரண்டு நாள் நின்றுபோனது. கிட் வந்து சேர்ந்தபோது ஞானாம்பாள் ஐஸ் பையை அமுக்கிப் பார்த்தார். முழுக்கத் தண்ணீர். குளிர் விட்ட மருந்து கெட்டிருக்கலாம். மாதக் கடைசியில் மாநாடு; டாக்டர் கட்டுரை வாசிக்க வேண்டும்.

தாய்மாரின் மாதிரிகளை அவர் வெளியே எடுக்கவில்லை. தட்டின் ஓரத்து வரிசைகளை மட்டும் கழற்றி, கம்பெனி தந்த, அளவு முன்பே தெரிந்த மாதிரிகளையும், தாமே சேர்த்துப் பத்திரமாக உறையவைத்திருந்த ஒரு பழைய மாதிரியையும் விட்டார். அதற்கு அவர் வைத்த பெயர் 'நம்ம வீட்டு சாம்பிள்'. எந்தக் கிட்டில் போட்டாலும் பன்னிரண்டை ஒட்டியே காட்டும். அன்று பதினெட்டு காட்டியது. மறுபடி போட்டார். மறுபடியும் பதினெட்டு.

டாக்டர் கணினியைப் பார்த்தார். கம்பெனி மாதிரிகளை வைத்து வரைந்த அளவுக்கோடு அழகாகத்தான் வந்திருந்தது. வீட்டு சாம்பிள் கெட்டிருக்கும் என்றார், மாநாட்டை நினைவூட்டினார், கடைசியில், பொறுப்பு தன்னுடையது, தாய்மாரின் மாதிரிகளை இதிலேயே ஓட்டிவிடுங்கள் என்றார்.

இத்தனை வருடத்தில் ஒரு டாக்டரிடம் ஞானாம்பாள் மாட்டேன் என்று சொன்னதில்லை.

"கிட்டு கெட்டா வேற வாங்கிக்கலாம் சார்," என்றார் தணிந்த குரலில். "இந்தத் துணுக்கு தீந்துபோச்சுன்னா அந்தப் பொண்ணுங்ககிட்ட திரும்பப் போயி கேக்க முடியாதுங்க."

டாக்டர் எழுந்து போனார். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ரயிலில் போகும்போதெல்லாம், தப்புச் செய்துவிட்டோமோ என்று ஞானாம்பாளுக்குத் தோன்றும். ஆனாலும் மறுநாள் காலையில் உறைபெட்டியின் சூட்டளவைச் சரிபார்த்த பிறகுதான் காபி குடிப்பார்.

மாநாடு முடிந்து மூன்று வாரம் கழித்துப் புதிய கிட் வந்தது, ஐஸ் கல்லாக இறுகியிருக்க. வீட்டு சாம்பிள் பன்னிரண்டைக் காட்டியது. அதன் பிறகே முப்பத்தொன்பது பேரும் குழிகளில் இறங்கினார்கள். நீலம் ஏறியது, கடைசி மருந்து விட்டதும் மஞ்சளாயிற்று. நடவுக்குப் போன பெண்களிடம் நொதி குறைந்துதான் இருந்தது, டாக்டர் எதிர்பார்த்ததில் பாதி அளவுக்கு. அவரும் அதை அப்படியே எழுதினார். பழைய கிட்டில் ஓட்டியிருந்தால் அந்த முப்பத்தொன்பது பேரைப் பற்றியும் பொய் எழுதியிருப்பேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

கட்டுரை அச்சாகி வந்த அன்று டாக்டரே அதைக் கொண்டுவந்து, ஞானாம்பாளின் பெயர் சொல்லி நன்றி தெரிவித்திருந்த பக்கத்தை விரித்து நீட்டினார். ஞானாம்பாள் ஒரு தடவை பார்த்துப் புன்னகைத்தார். பிறகு பக்கங்களைப் புரட்டி அட்டவணைக்கு வந்து, முதல் எண்ணின்மேல் விரலை வைத்து, ஒவ்வொன்றாகச் சரிபார்க்கத் தொடங்கினார்.