சினைக் கெண்டை

சூளகிரிப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் சுற்றுச்சூழல் அதிகாரி அவர். பேச்சுக்கு நடுவே கைக்குட்டையால் ஷூவைத் துடைத்துக்கொண்டே இருப்பார். அவர்களுடைய கழிவு சேரும் ஏரியிலும் கழிவு கலக்காத ஜவளகிரி ஏரியிலும் பிடித்த கெண்டைகளைக் கல்லூரி ஆய்வுக்காக அறுத்துக்கொண்டிருந்தபோது பார்க்க வந்தார். ஜவளகிரி மீன் நன்றாக வளர்ந்த பிறகே சினை பிடித்திருந்தது. கழிவு ஏரியிலோ விரல்நீள மீனுக்கே வயிறு முழுக்கச் சினை.

“எவ்ளோ முட்டை பாருங்க சார்! தண்ணி சுத்தம்னு ரிப்போர்ட்ல எழுதிருங்க.”

“சீக்கிரம் சாவுற மீனுங்க சார். அதான் வளர்றத விட்டுட்டு அவசரமா முட்டை போடுது.”

“எப்படியோ, முட்டை முட்டைதானே?” என்று சிரித்தார்.

மீதியிருந்த கழிவு ஏரி மீனை வீட்டுக்கு எடுத்துப்போகச் சொன்னேன்.

“ஐயோ, பசங்க சாப்பிடுற வீடு சார். ஜவளகிரி மீன் இருந்தா குடுங்க.”

வெறுங்கையோடு அனுப்பினேன். ஜவளகிரி மீனைக் கேட்டபோது அவர் முகத்தில் துளிக் கூச்சமும் இல்லை. அப்படியொரு முகம் எப்படி வாய்க்கிறது என்று இன்றும் யோசிக்கிறேன்.