வலிக்காத காது

விருத்தாசலம் செராமிக் பட்டறையில் எனக்கு வேலை, சூளையிலிருந்து வரும் பீங்கான் சாமான்களைத் தட்டிப் பார்ப்பது. விரல் முட்டியால் ஒரு தட்டு. கணீரென்றால் நல்லது, சத்தம் செத்திருந்தால் உள்ளே விரிசல். கண்ணுக்குத் தெரியாத விரிசலையும் என் காது கண்டுபிடித்துவிடும். அந்தக் கொழுப்பு எனக்கு நிறையவே இருந்தது.

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. வலது காதில் அடிக்கடி சீழ் வடியும். கிட்டே போனால் செத்த எலி நாற்றம். "வலிக்குதாடி?" என்றால், "இல்லம்மா" என்பாள். வலிக்காத காதுக்கு என்ன டாக்டர் என்று இருந்துவிட்டேன். மண்தூசிக்குப் பட்டறையில் நாங்கள் எல்லோரும் காதில் பஞ்சு வைத்துக்கொள்வோம். என் சேலையில் வந்த தூசிதான் அவள் காதிலும் போய்விட்டது என்று நினைத்து, அதே பஞ்சை அவளுக்கும் திணித்தேன். மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றினால் பத்து நாள் நிற்கும், மறுபடி வடியும். இப்படியே இரண்டு வருஷம் ஓட்டினேன், படுபாவி.

கூப்பிட்டால் சில நேரம் திரும்புவாள், சில நேரம் மாட்டாள். அதனாலேயே திமிர் என்று நினைத்தேன். "கூப்டுறது காதுல வுழலியா?" என்று முதுகில் நாலு வைப்பேன்.

ஒருநாள் காலையில் அவள் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் வலது ஓரமாக வழிந்தது. அந்தப் பக்கக் கண்ணும் சரியாக மூடவில்லை. கட்டிய சேலையோடு அவளை இழுத்துக்கொண்டு பாண்டிச்சேரி பஸ் ஏறினேன்.

அங்கே ஆஸ்பத்திரியில் காது டாக்டரம்மா சீழை உறிஞ்சி எடுத்துவிட்டு உள்ளே பார்த்தார். ஸ்கேனும் எடுக்கச் சொன்னார்.

"நடுக்காதுல தோல் வளர்ந்து வெள்ளையா உருண்டு கிடக்குது. கேன்சர் இல்ல. ஆனா சுத்தி இருக்கற எலும்பை அரிச்சிடும். கேக்கறதுக்கான குட்டி எலும்பெல்லாம் போயிடுச்சு. இப்ப மூஞ்சி நரம்புக்கு வந்திருக்குது, விட்டா மூளைக்குப் போயிடும். நாத்தத்தோட திரும்பத் திரும்ப வடிஞ்சா உடனே காட்ட வேணாமா? இதுக்குப் பெரும்பாலும் வலியே வராதும்மா."

"ஐயோ, எப்படியாவது கேக்க வெச்சிடுங்க. உங்க கால்ல வேணா வுழறேன்."

"உடனே ஆபரேஷன் பண்ணணும். மொதல்ல உசிரையும் மூஞ்சியையும் காப்பாத்துவோம். அந்தக் காது கேக்கறது சந்தேகம்தான்."

மகள் நல்ல காதை எங்கள் பக்கம் திருப்பி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். எட்டி டாக்டரம்மாவின் கையைப் பிடித்தாள்.

"கூப்டப்ப திரும்பாதது நான் வேணும்னு பண்ணலன்னு எங்கம்மாகிட்ட சொல்லுங்க டாக்டர்."