பாட்டு வயர் பூட்டுகிறவள்

மோட்டார் சைக்கிளில் போனைப் பூட்டி, சார்ஜ் ஏற்றி, பாட்டுக் கேட்க வைப்பது என் தொழில். இதில் வயரைவிட வண்டிக்காரரின் வாயைச் சமாளிப்பதுதான் கஷ்டம். நல்லூரில் சின்னக் கடை. முதலாளியும் நான், வேலையாளும் நான். நீங்களும் கடை வைத்திருந்தால் மீதியைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

ஆள் எங்கே?

கடை திறந்த புதிதில் தெல்லிப்பழையிலிருந்து ஓர் ஆசிரியர் வந்தார். ஹாண்டிலில் போன் சார்ஜரும் ஒரு சின்ன ஸ்பீக்கரும் பூட்ட வேண்டும். வேலை செய்கிறவர் எங்கே என்று கேட்டார். நான்தான் என்றேன். பரவாயில்லை, அவர் வரும்வரை இருக்கிறேன் என்று கதிரையில் அமர்ந்துவிட்டார்.

அவர் கண்முன்னாலேயே வேறு இரண்டு வண்டிகளைக் கழற்றி, வயர் இழுத்து, மூடி அனுப்பினேன். இன்னொருவர் வந்து நின்றதும் ஆசிரியர் அவசரமாக எழுந்து தன் வண்டியை உள்ளே உருட்டினார். வேலை முடிந்ததும் ஒரு பாட்டை முழுதாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“வேலை திறம், பிள்ளை. ஆனா ஆர் பூட்டினதெண்டு வீட்டிலை கேட்டா, ஒரு தம்பி எண்டுதான் சொல்லுவன்.”

நேர் வயர்

வெங்காயத் தோட்டக்காரர் ஒருவருக்கு வண்டியை நிறுத்திவிட்டு நாள் முழுக்கத் தோட்டத்தில் பாட்டுக் கேட்க வேண்டும். வயரை நேரே பற்றரியில் கொடு என்றார். வண்டியின் திறப்பை, அதாவது சாவியைத் திருப்பினால் மட்டும் கரண்ட் வரும்படிதான் பூட்டுவேன், இல்லையென்றால் பற்றரி இறங்கிவிடும் என்றேன். வண்டி தன்னுடையது என்றார். கை என்னுடையது என்றேன். கோபத்தோடு வேறு கடைக்குப் போய்விட்டார்.

அடுத்த கிழமை வேர்க்க வேர்க்க வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவரே தொடங்கினார்:

“நீ சொன்னது சரியெண்டு சொல்ல வரேல்லை. பற்றரி செத்துப்போச்சு, அதை மட்டும் சொல்ல வந்தனான்.”

மீன்காரியின் பாட்டு

ராணியக்கா பருத்தித்துறையிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன்பெட்டி கட்டி ஊர் ஊராக வருபவர். கடலுக்குப் போன கணவர் திரும்பவில்லை. அவருடைய வண்டியையே ஓட்டப் பழகிக்கொண்டார். கூவிக் கூவித் தொண்டை கட்டிவிட்டது. போனில் பாட்டைப் போட்டால் சனம் வாசல் படலைக்கு வரும் என்று யோசித்து என்னிடம் வந்தார். மழையும் மீன்தண்ணீரும் படாதபடி ஸ்பீக்கருக்கு உறை போட்டுப் பூட்டிக் கொடுத்தேன்.

பத்து நாளில், அவர் மீன் விற்கும் குறுக்குத்தெரு ஒழுங்கை ஒன்றிலிருந்து ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் என் கடைக்கு வந்தார். ஒரு பொம்பிளை பாட்டுப் போட்டுக்கொண்டு திரிவது ஒழுங்கைக்கு மரியாதை இல்லை, பூட்டின நீயே கழற்று என்றார். பேக்கரிப் பாண் விற்கிற ஓட்டோவும் பாட்டோடுதானே வருகிறது என்றேன். அது வேறு என்றார். கழற்றமாட்டேன், இனி இதற்காக இங்கே வரவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் ராணியக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். ஆற அமரக் கேட்டார். சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டலாமா என்று விசாரித்தார். கூட்டிக் கொடுத்தேன். வண்டியில் ஏறி அமர்ந்துகொண்டு சொன்னார்:

“கோயிலடியிலை பாட்டை நிப்பாட்டுறனான். பள்ளிக்கூடத்தடியிலையும் நிப்பாட்டுறனான். உந்த அதிகாரியின்ரை வீட்டடியிலை நிப்பாட்ட மாட்டன்.”

பாட்டில்லாமலும் மோட்டார் சைக்கிள் ஓடும் என்பது எனக்கும் தெரியும். அதை என் வாயால் மட்டும் சொல்லமாட்டேன்.