பழுப்பு ஆறும் பத்தொன்பது படங்களும்

இல்லை, சொந்தம் கிடையாது. கல்லறைத் தோட்டத்தில் கேட்ட எல்லோரிடமும் இதையேதான் சொன்னேன். யாரும் நம்பவில்லை. நெற்றியில் திருநீறோடு ஒருவன் எதற்குச் செலின் அக்காவின் வீட்டுக்காரர் சேவியர் அண்ணன் பக்கத்திலேயே நிற்கிறான் என்றுதான் யோசித்திருப்பார்கள். செலின் அக்காவும் நானும் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்குச் சேர்ந்து படம் வரைந்தவர்கள். அவ்வளவுதான். அவருடைய போட்டோ ஸ்டுடியோவில் அவரோடு பழகியவர்களுக்கு இந்த விளையாட்டு தெரியாது. விளையாட்டில் பழகியவர்களுக்கு ஸ்டுடியோ தெரியாது. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. முந்தின நாள் மாலை அவர் வரைந்த ஒரு மாட்டின் கொம்பைப் பற்றி எங்களுக்குள் சண்டை. எடுத்ததுமே, "என்ன சொன்னாலும் கொம்பு பெருசுதான்க்கா" என்றேன். அந்தப் பக்கம் ஆண் குரல். "கதிரு, நான் சேவியர் பேசுறேன்ப்பா. அக்கா போயிட்டா." கடைக்குக் கிளம்பும்போது நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நாற்பத்தொரு வயது. அடக்கம் முடிந்து வாசலில் நிற்கும்போது, போனில் அப்படிப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கொம்பு பெருசுன்னு நானும்தான் சொன்னேன். அவ யார் பேச்சைக் கேட்டா" என்றார்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு: ஊர் கட்டி, சாலை போட்டு, பஸ்ஸும் ரயிலும் விட்டு, எதிரியின் வியாபாரத்தை மடக்கும் வியூக விளையாட்டு அது. அதன் நிரல் எல்லோருக்கும் திறந்தது. யாரும் எடுக்கலாம், திருத்தலாம். ஆனால் படங்கள் மட்டும் பழைய கம்பெனி ஒன்றுக்குச் சொந்தமாக இருந்தன. அந்தக் கம்பெனியின் சிடி வைத்திருப்பவர்தான் விளையாட முடியும். அதனால் பல நாட்டு ஆட்கள் சேர்ந்து எல்லாப் படங்களையும் புதிதாக வரைய ஆரம்பித்தார்கள். நான் இன்ஜினியரிங்கை இரண்டாம் வருடத்தில் விட்டவன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, உட்கார முடியவில்லை. வருகிற படங்களைச் சோதித்து விளையாட்டில் பொருத்துவது என் வேலை.

வரைந்து அனுப்புகிறவர்களில் ஒருவர் எட்டு மாதமாக என் உயிரை வாங்கினார். பூட்டுப் பட்டறை ஒன்றை வரைந்து அனுப்பினார். அளவு தவறு என்று ஆங்கிலத்தில் எழுதினேன். தயவுசெய்து சரியாகப் பார்க்கவும், சார் என்று ஆங்கிலத்திலேயே பதில் வந்தது. நானும் சார் என்றேன். இப்படியே சார் போட்டுச் சண்டை. ஒரு நாள் அவர் ஒரு குன்று அனுப்பினார். மொட்டைப் பாறை, பக்கவாட்டில் படி, உச்சியில் சுவர். நான் தினமும் பல் விளக்கும்போது பார்க்கிற பாறை. தமிழில் எழுதினேன், "இது திண்டுக்கல் மலைக்கோட்டைதானே?" பதில் தமிழில் வந்தது: "ஏலே, நீ எந்த ஊரு?"

நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டருக்கும் அவருடைய ஸ்டுடியோவுக்கும் நடுவில் இரண்டே தெருக்கள். போய் நின்றேன். கல்யாண ஆல்பத்தில் ஒரு மணமகனின் பருவை அழித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"நீதானா அந்த சாரு?"

"நீங்கதானா அந்த சாரு?"

"பட்டறை அளவு சரிதான்டா. உன் கண்ணுதான் சின்னது. உக்காரு, டீ சொல்றேன்."

அக்கா எனக்கு எதையும் கற்றுத்தரவில்லை. நானும் அவருக்குக் கற்றுத்தரவில்லை. உட்கார்ந்து சண்டை போட்டோம், படங்கள் நன்றாக வந்தன.

இந்தப் படங்களுக்கான உரிமம் பல பக்கம் ஓடும் ஆங்கிலம். நான் முழுதாகப் படித்ததில்லை. அக்கா அகராதி வைத்துப் படித்தார். ஸ்டுடியோவுக்கு வந்த ஒருவர், இவ்வளவு வரைந்து சும்மாவா கொடுக்கிறீர்கள் என்று கேட்டபோது அக்கா இப்படிச் சொன்னார்: "சும்மா இல்லண்ணே. எடுத்துக்கட்டும், மாத்திக்கட்டும், விக்கக்கூட விக்கட்டும். செஞ்சவ பேரை முழுங்கக் கூடாது. மாத்துனதையும் இதே மாதிரி அடுத்தவனுக்கு விடணும். அம்புட்டுத்தான்."

புதுப் படங்களின் முதல் பதிப்பு வெளியாகப் பத்து நாள் இருக்கும்போது அக்கா என்னைக் கூப்பிட்டார். முகம் சரியில்லை.

"ஏலே, நம்ம தண்ணி திருட்டுத் தண்ணிடா."

எனக்குப் புரியவில்லை.

"கடலு, கொளம், ஆறு, எல்லாத்துக்கும் அடியில அலை போட்டிருக்கேன்ல. அது ஆல்பம் டிவிடியில இருந்தது. மாப்பிள்ளை பொண்ணுக்குப் பின்னாடி போடுவோமே, அந்தக் கடலு. கை பாட்டுக்கு எடுத்துருச்சு. நேத்துதான் உறைச்சுது."

ஸ்டுடியோக்காரர்களுக்கு அந்த டிவிடி உப்பு மாதிரி. வானம், பூ, மேகம், மாளிகை எல்லாம் அதில் இருக்கும். யார் எடுத்தது என்று அந்தத் தொழிலில் ஒருவரும் கேட்பதில்லை.

"சின்னதாக்கி, நிறம் மாத்தி, நாலு துண்டாக்கிட்டீங்க. எடுத்தவனே வந்து பாத்தாலும் தெரியாது. விடுங்கக்கா."

"ஆல்பத்துல போட்டா அது அந்த வீட்டோட போச்சு. இதை ஊர் உலகத்துக்கே உரிமை எழுதிக் குடுக்குறோம். நம்மளுது இல்லாததை எப்படிடா எழுதிக் குடுப்ப?"

அன்றே அக்கா தன் பெயரில் குழுவில் எல்லோருக்கும் உண்மையை எழுதினார். தண்ணீர்ப் படங்கள் அறுபத்து நாலும் எடுக்கப்பட்டன. வரைபடத்தில் கடல் இருந்த இடமெல்லாம் கறுப்பு ஓட்டை.

புதுத் தண்ணீர் வேண்டும், அதுவும் கண்ணால் பார்த்து வரைந்ததாக. ஆனால் அது கோடை. ஆற்றில் மணல்தான் இருந்தது. அகரத்தில் எங்கள் தோட்டத்துக் கிணற்றுக்கு அக்காவை ஸ்கூட்டரில் வரச்சொன்னேன். மோட்டாரைப் போடச் சொன்னதும் என் அப்பா எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"கெணத்துல கெடக்கதே இம்புட்டு. அதைப் படம் போட எறைக்கணுமாக்கும்?"

"செத்த நேரம்தான் மாமா. ஓடுற தண்ணி கத்தரிக்குத்தான போகுது, நான் பாக்க மட்டும்தான் போறேன்" என்றார் அக்கா.

மாமா என்றதும் அப்பா மோட்டாரைப் போட்டுவிட்டார். அக்கா வாய்க்கால் ஓரம் சப்பணமிட்டு உட்கார்ந்து வரைந்தார். சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. அப்பா நகரவில்லை. தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஏம்மா, வாய்க்கால் தண்ணி நீலமாவா ஓடுது? மண்ணைக் கரைச்சுக்கிட்டு ஓடுது பாரு" என்றார். அக்கா பார்த்தார். நீலத்தை அழித்தார்.

அதனால்தான் உலகத்தில் யார் இந்த விளையாட்டைத் திறந்தாலும் ஆறு லேசான பழுப்பாக ஓடுகிறது. குளிர்தேசத்துக்காரர் ஒருவர், உங்கள் ஆற்றில் ஏதோ கோளாறு என்று புகார் எழுதினார். அக்காவின் பதில்: "கோளாறு இல்லை. எங்கள் மாமா சொன்ன நிறம்."

தண்ணீர் முடிந்த கையோடு அக்கா ஒரு விதி கொண்டுவந்தார். இனி ஒவ்வொரு படத்தின் கீழும், எதைப் பார்த்து வரைந்தது என்று ஒரு வரி எழுத வேண்டும். வரி இல்லாத படம் உள்ளே வராது, வரைந்தவர் யாராக இருந்தாலும். வேலை இரட்டிப்பாகும் என்று நான் எதிர்த்து வாக்களித்தேன். தோற்றேன். பிறகு படங்களைவிட அக்காவின் வரிகளுக்குத்தான் ரசிகர்கள் அதிகம். "கோழி: எதிர்வீடு. வரையும்போது முறைத்தது." "பூட்டுப் பட்டறை: எங்கள் தெருக் கோடி. சத்தத்தை வரைய முடியவில்லை." கடைசியாக அனுப்பியது: "மாடு: அகரம். கொம்பு சரியாக இருக்கிறது, கதிர் சொல்வதை நம்ப வேண்டாம்." அது எங்கள் வீட்டு மாடு. எனக்குத் தெரியாதா?

அடக்கம் முடிந்த வாரம் அக்காவின் மகள் ரீனா ஸ்டுடியோ கம்ப்யூட்டரைத் திறந்தாள். அனுப்பாத படங்கள் பத்தொன்பது இருந்தன. ஒன்றின் கீழும் வரி இல்லை. அடுத்த பதிப்புக்குப் படம் ஏற்கும் வாசல் இந்தச் சனிக்கிழமை மூடுகிறது. அதற்குப் பிறகு எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. குழுவில் நல்ல மனசுக்காரர்கள், செலினுக்காக விதியைத் தளர்த்தலாம் என்றார்கள். முடியாது என்று நான்தான் எழுதினேன். விதி போட்டதே அவர். அவர் படத்துக்கே அதை மீறினால், தண்ணீரை எதற்கு மாற்றினோம்?

வாரிசுகளின் சம்மதக் கையெழுத்தும் வேண்டும். ரீனா உடனே போட்டாள். அண்ணன் பேனாவை வாங்கவில்லை.

"எவனாவது வித்துத் திம்பானேப்பா, அவ கைவேலையை."

"திங்கட்டும்னுதான்ணே அக்கா சொல்லுவாக."

"அவ சொல்லுவா. நான் சொல்லணும்ல."

நான் வாதாடவில்லை. பத்தொன்பதில் ஒரு பஸ் இருந்தது. அதை விளையாட்டில் ஏற்றி ஓடவிட்டுக் காட்டினேன். பஸ் ஒரு முனையில் திரும்பியது. பின்படியில் காக்கிச் சட்டையில் ஒரு ஆள், சுண்டுவிரல் நகத்தில் கால்வாசி உயரம். அண்ணன் கண்டக்டர். திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

"இது நான்ல?"

"எப்படிண்ணே தெரியுது?"

"வயிறு. திருப்பு... பாருய்யா, பின்னாடி வழுக்கை வேற வச்சிருக்கா."

சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார், திரும்பச் சிரித்தார். பஸ்ஸை நாலு தடவை சுற்றவிடச் சொன்னார். பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பஸ்ஸின் கீழே வரியையும் அவரே எழுதினார்: "வீட்டுக்காரரைப் பார்த்து வரைந்தது."

அதிலிருந்து, மிச்சப் படங்களை அக்கா எதைப் பார்த்து வரைந்தார் என்று தேடி மூன்று பேரும் அலைந்துகொண்டிருக்கிறோம். தோல் பதனிடும் ஷெட்டை நான் கண்டுபிடித்தேன். சாமந்திக் காட்டை ரீனா, அக்காவின் பழைய குறிப்பேட்டுப் படத்தோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்தாள். ரயில்வே கேட், ஆடு, பிரியாணிக் கடை வாசலில் தொங்கும் அண்டா எல்லாம் கிடைத்துவிட்டன. அண்டாவுக்கு மட்டும் மூன்று கடையில் சாப்பிட வேண்டியிருந்தது. பதினெட்டு முடிந்தது. மிச்சம் ஒரு புளியமரம். சாலைப் பக்கம் ஒரேயடியாகச் சாய்ந்து, அடியில் பாதி புதைந்த மைல்கல். இரண்டு நாள் வண்டியில் சுற்றிப் பார்த்துவிட்டேன். இல்லை.

அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது ஒரு கேள்வி. எதைக் கண்டாலும், "இதை எங்கே பார்த்தே?" என்பார். எதிலும் பத்து நிமிடம் நிற்காதவன் நான். இப்போது மரம் மரமாக நின்று பார்க்கிறேன். இந்த ஊரில் இத்தனை புளியமரம் இருப்பதே இப்போதுதான் தெரிகிறது.

இன்று காலை சேவியர் அண்ணன், தான் போகும் பழனி பஸ்ஸில் இருந்து போனில் கூப்பிட்டார். ஒட்டன்சத்திரம் தாண்டி ஒரு மரம் அதே மாதிரி சாய்ந்திருக்கிறதாம், மைல்கல் இருக்கிறதா என்று வண்டி போன வேகத்தில் தெரியவில்லையாம். அடுத்த நடைக்கு முன்சீட் போட்டு வைத்திருக்கிறார். மூன்றாவது தடவையாக போன் அடிக்கிறது. வண்டியை எடுக்கப்போகிறார்கள். நான் போக வேண்டும்.