தொட்டி மேல் ஸ்டாண்டு

தி.நகர் தெருக்களைப் பெருக்கும் பெண்களுக்கு நான் மேற்பார்வையாளர். முகத்தைக் காட்டினால் வருகை பதிவாகும் என்று ஓர் ஆப்பைக் கொடுத்தார்கள். விடியற்காலை இருட்டில் அது பாதிப் பேரின் முகத்தை ஏற்கவே இல்லை. வந்து முதுகொடியப் பெருக்கியவளுக்கும் ஆப்சென்ட்!

அடையாறில் அந்த ஆப்பைச் செய்தவரிடமே நியாயம் கேட்கப் போனேன். மேஜை முழுக்க ஸ்டாண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு போன். எதையும் அவர் கையில் எடுப்பதில்லை. போன் ஸ்டாண்டிலேயே நிற்க, ஒற்றை விரலால் தட்டுவார். என் போனையும் வாங்கி ட்ரைபாடில் மாட்டி, விளக்கைப் போட்டு, என்னை எதிரே உட்காரவைத்தார். உடனே பச்சை டிக் விழுந்தது.

“நல்லாத்தானே எடுக்குது மேடம்?”

“இங்க எடுக்கும் சார். ஒரு கையில தொடப்பத்த புட்ச்சிகினு இருட்டுல நிக்கிறாளே, அவளுக்கு எடுக்க வாணாமா?”

“கை ஆடினா எடுக்காது. ஸ்டாண்டுல வைங்க.” தன்னுடைய ஸ்டாண்டு ஒன்றையே எடுத்து நீட்டினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “எங்க சார் வெக்கிறது? குப்பத்தொட்டி மேலயா?”

அவர் முகம் மலர்ந்தது. “வைக்கலாமே! தொட்டி என்ன உயரம் மேடம்?”

குறித்துக்கொள்ளப் பேனாவையும் எடுத்துவிட்டார். கிண்டல் செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது வந்திருப்பேன்.