உப்பு வழித்த வயல்

பாஞ்சாலை அக்காவுக்கு உப்பளத்தில் கூலி வேலை. கடல் தண்ணீர் ஏறும் கழுவெளி ஏரி ஓரமாக அவளுக்கென்று ஒரு துண்டு நிலமும் உண்டு. மழைக்காலத்தில் உப்புத் தண்ணீர் ஏறினால் முதலில் அவள் வயலுக்குள்தான் நுழையும். சில வருடங்களாக விதைத்த எதுவும் வீடு வந்து சேரவில்லை.

அப்படிப்பட்ட நிலங்களுக்குக் கரை போட்டுத்தர அரசாங்கத்தில் ஒரு திட்டம் வந்தது. மனு போட்டவர்கள் நிறைய. கரை கிடைக்கப்போவது சிலருக்குத்தான். வேளாண்மை அலுவலர் சிவசங்கரி நிலத்தை நேரில் பார்த்து மார்க் போட்டு வரிசைப்படுத்துவார் என்றார்கள்.

அவர் வருகிற நாள் காலையில் அக்காவுக்குத் துணையாக நான் போனபோது, அக்காவின் வயல் பெருக்கிவிட்ட வீடு மாதிரி இருந்தது. தரையில் பூத்துக் கிடந்த உப்பையெல்லாம் பலகையால் வழித்து வெளியே கொட்டியிருந்தாள். உப்பளத்துக் கை அப்படித்தான், வெள்ளையாகக் கண்டால் வாரிவிடும். ஆபீசர் வரும்போது நிலம் அலங்கோலமாக இருக்கக் கூடாது என்றும் நினைத்திருக்கிறாள்.

பக்கத்து நிலத்துத் தேசப்பன் வரப்பில் நின்று சிரித்தார்.

“இன்னாக்கா, பொண்ணு பாக்கவா வர்றாங்க? நெலம் கெட்டுப்போயிருந்தாத்தான் மார்க்கு. நீ பவுடர் போட்டு உக்கார வெச்சிருக்கியே!”

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. பள்ளிக்கூடத்தில் நன்றாக இருந்தால் மார்க். இங்கே எவ்வளவு கெட்டிருக்கிறதோ அவ்வளவு மார்க்.

அக்காவின் முகம் வாடிப்போனது.

“ஒண்ணும் ஆவல,” என்றார் தேசப்பன். “அளத்துலேர்ந்து உப்பு வாரியாந்து தூவிடு. நானே தூக்கியாறேன்.”

கரை கிடைக்காவிட்டால் இந்த மழைக்கும் பயிர் போய்விடும். அது அவளுக்குத் தெரியாதா?

“உப்பை நெலத்துல தூவறதா? அப்பால போப்பா. சோறு போடற எடம்.”

“எங்க போட்டுதுக்கா சோறு? பட்டினிதான் போட்டுது.”

“அது இன்னா பண்ணும், பாவம். ஒடம்பு முடியாம கெடக்கறதைப் போய் ஒதைப்பாங்களா?”

தேசப்பன் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சிவசங்கரி வந்ததும் சுற்றிப் பார்த்தார். “உப்பே தெரியலையேம்மா?”

“நாந்தாங்க வழிச்சிட்டேன்,” என்றாள் அக்கா, தலையைக் குனிந்து.

“மேல பாத்து மார்க் போட மாட்டோம்மா. தோண்டிப் பாப்போம்.”

கூட வந்த ஆட்கள் இரண்டு மூன்று இடத்தில் முழங்கை ஆழத்துக்குத் தோண்டி, மண்ணை எடுத்துத் தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டார்கள். அதில் உப்பை அளக்கிற, பேனா மாதிரி ஒரு கருவியை நிறுத்தினார் சிவசங்கரி. எண்கள் ஏறின, ஏறிக்கொண்டே போய் நின்றன. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருந்ததை மண் தானாகச் சொன்னது போல இருந்தது.

“உள்ள இருக்கற உப்புக்குத் தனி மார்க். நெலம் சின்னதுன்னா அதுக்கு மார்க். இங்க கரை போட்டா பின்னாடி எத்தினி பேர் வயல் தப்பிக்குதுன்னு அதுக்கும் மார்க். எல்லாத்தையும் கூட்டி மேலேர்ந்து வரிசை,” என்றார் அவர்.

“பின்னாடி என் வயல்தாம்மா,” என்றார் தேசப்பன் அவசரமாக. “அக்காவுக்கு நல்லாவே போடுங்க!”

அக்காவே சிரித்துவிட்டாள்.

ஊராட்சி ஆபீசில் வரிசையைப் படித்தபோது அவள் பெயர் மேலேயே வந்தது. கரை கிடைப்பவர்கள் பெயருக்கு அடியில் போட்டிருந்த கோட்டுக்குக் கீழே போய்விட்டது தேசப்பன் பெயர். புரட்டாசியில் அவள் நிலத்தோரம் மண்கரை எழுந்தது.

ஐப்பசியில் விடாமல் மழை. கழுவெளி பொங்கி வந்தது. நாங்கள் கரைமேல் நின்று பார்த்தோம். வருடா வருடம் உள்ளே புகுந்த அந்தத் தண்ணீர் கரையைத் தொட்டது. தொட்டபடி நின்றது. கரைக்கு இந்தப் பக்கம் நாற்றுக்கு நடுவில் மழைநீர் தேங்கியிருந்தது. அக்கா இறங்கிப் போய் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள்.

“நல்ல தண்ணி, புள்ள,” என்றாள்.